லைஃப் ஜாக்கெட்டுக்குள் இலவம்பஞ்சு

அத்தியாயம் 6

"எவன்னு மட்டும் சொல்லுங்க மேடம். மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

ஆண்டனிராஜ் இதைச் சொல்லிவிட்டு எங்கள் ஆபீஸ் மேசையை ஓங்கிக் குத்தினார். மேசை பழசு. அதன் ஒரு காலுக்கு நான் முட்டுக் கொடுத்திருந்த அட்டை நழுவியது, டீ கிளாஸ் சாய்ந்தது, என் புது வெள்ளைச் சட்டை பழுப்பாகிப் போனது. அந்த ஆளை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அந்தச் சட்டைதான் காரணம் என்று நாகஜோதி அக்கா இன்றும் கேலி செய்வார். சட்டையும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை.

எங்கள் ஆபீஸ் திண்டுக்கல் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பூட்டுக்கடையின் மாடியில் இருக்கிறது. அக்கா முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தவர். பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் ஹாமித், பேகம்பூர்க்காரன். ஸ்கூட்டர் ஓட்டுவதும் வாயடிப்பதும் என் இலாகா.

ஆண்டனிராஜைத் தெரியாதவர்கள் இந்த ஊரில் குறைவு. சுவரெல்லாம் அவர் போஸ்டர்தான். 'கடல் வேங்கை' என்று பட்டம் வேறு. நூறு கிலோமீட்டருக்குக் கடலே இல்லாத ஊரில் எங்களுக்கு ஒரு கடல் வேங்கை! வருஷம் ஒருமுறை நார்வேக்குப் போய், ஒற்றை ஆள் உட்காரும் ஒல்லிப் படகான கயாக்கில், உடம்பை உறைய வைக்கும் குளிர்க் கடலில் தன்னந்தனியாகத் துடுப்புப் போடுவார். ஊரில் இருக்கும்போது நத்தம் ரோட்டில், சாணார்பட்டி தாண்டி, லைஃப் ஜாக்கெட் தைக்கும் யூனிட் நடத்துகிறார்.

மேசையில் அவருடைய சொந்த லைஃப் ஜாக்கெட் கிடந்தது. ஆரஞ்சு நிறம், வெளிநாட்டுச் சரக்கு. வலது தோள்பட்டைத் தையல் பிரிந்து, உள்ளேயிருந்து வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது.

"நடந்ததை முழுசா சொல்லுங்க" என்றார் அக்கா.

"போன செப்டம்பர் மேடம். தனியா போயிருந்தேன். பக்கவாட்டுல ஒரு அலை அடிச்சுக் கவுந்துட்டேன். குளிர் கடல்ல விழுந்தா மொதல்ல என்ன ஆகும் தெரியுமா? நீச்சல் தெரியுமா தெரியாதாங்கிற பேச்சே கெடையாது. தண்ணி பட்டதும் மூச்சு தானா இழுக்கும், நம்ம பேச்சைக் கேக்காது. வாய் தண்ணிக்குள்ள இருந்தா தண்ணியத்தான் இழுக்கும். அந்த ஒரு நிமிஷம் தலைய மேல தூக்கிப் பிடிக்கத்தான் லைஃப் ஜாக்கெட். அது இல்லேன்னா எம்புட்டுப் பெரிய நீச்சல்காரனும் காலி."

"அப்புறம்?"

"மூச்சு அடங்கின ஒடனே படகுல ஏறிறணும். லேட் பண்ணா வெரலு மரத்துப் போயிரும், பக்கிள் கூடப் போட முடியாது. துடுப்பு முனையில காத்துப்பைய மாட்டி, அதை ஊணிக்கிட்டு ஏறலாம். எது வேணா நடக்கட்டும், படகை மட்டும் கைவிடக் கூடாது. நான் கிளாஸ் எடுக்கிறப்ப மொதப் பாடமே அதான்."

"நீங்க விடலைல்ல?"

கடல் வேங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "விட்டுட்டேன்."

"ஏன்?"

"என் தோள்ல இருந்து தலகாணிப் பஞ்சு வருது மேடம்! வெள்ளையா, பொங்கிப் பொங்கி வருது. கறுப்புத் தண்ணியில என்னையச் சுத்தி மெதக்குது. என்னைய மெதக்க வைக்க வேண்டிய ஃபோம் இருக்கிற எடத்துல எவனோ பஞ்சை வச்சுத் தைச்சிருக்கான். பயத்துல ரெண்டு கையாலயும் தோளைப் பொத்திட்டேன். படகு காத்துல போயிருச்சு."

அவர் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் நிஜம். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. பிற்பாடு அதை வட்டியோடு திருப்பி எடுத்துக்கொண்டேன்.

"எப்படித் தப்பிச்சீங்க?"

"ரேடியோ நெஞ்சுல இருந்துச்சு. படகுல வச்சா படகோட போயிரும். ஒடம்புல கட்டுனது மட்டும்தான் நம்மளோடது. அதுல கூப்பிட்டேன், ரெஸ்க்யூ போட் வந்துச்சு. அதுவரைக்கும் நான் போட்டிருந்த ட்ரை சூட்தான் காப்பாத்துச்சு. கழுத்துலயும் மணிக்கட்டுலயும் ரப்பர் இறுக்கிப் பிடிக்கும், சொட்டுத் தண்ணி உள்ள வராது. அது இல்லேன்னா இந்நேரம் என் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பாங்க."

"போஸ்டர்ல ஏற்கெனவே மாலையோடதான் சார் இருக்கீங்க" என்றேன்.

அக்கா என்னை முறைத்துவிட்டு அவரிடம் கேட்டார். "யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்ன மேடம், அந்த சிவபிரகாஷ்தான். எங்கிட்டயே துடுப்புப் போடக் கத்துக்கிட்டு, எனக்கே போட்டியா கிளப் ஆரம்பிச்சவன். 'கடல்ல பாத்துக்கிறேன்'னு வாய்ஸ் மெசேஜ் போட்டான். அவன்தான்னு நீங்க உறுதியாச் சொன்னாப் போதும். கிணத்துல எறக்கி, மேல கம்பி வலை போட்டுப் பூட்டிருவேன்."

"பூட்டு கீழ் கடையிலயே கெடைக்கும் சார்."

"ஏலே, செத்த நேரம் வாயை மூடு" என்றார் அக்கா. "சார், இது கொலை முயற்சி. ஏன் போலீஸுக்குப் போகல?"

"போலீஸ் வேணாம்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுந்தது. "பேரு கெட்டுரும். நமக்குள்ளயே இருக்கட்டும்."

அக்கா ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல்களை நகத்தால் நெருடினார். "கெளம்புறதுக்கு முன்னாடி இதை யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

"யாரும் தொடல. என் பீரோவுலதான் இருந்துச்சு."

"இந்த ரேடியோ பாக்கெட் வேற துணி, வேற நூலு. வெளிநாட்டுத் தையல் மாதிரித் தெரியலையே?"

"ஓ, அதுவா? நம்ம யூனிட்ல குடுத்துத் தைச்சது. ஒரு தையக்காரப் பொம்பள. அதெல்லாம் மேட்டரே இல்ல மேடம், நீங்க சிவபிரகாஷைப் பிடிங்க. யூனிட்டுப் பக்கம் இன்னைக்கு வந்துராதீங்க, பெரிய டெலிவரி இருக்கு."

ஒரு கல்லூரியில் அவருக்குப் பாராட்டு விழாவாம். பாதுகாப்பு பற்றிப் பேசப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

படியில் அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் அக்கா கேட்டார். "ஹாமித், அந்த வாளியில தண்ணி இருக்கா?"

வாளியில் தண்ணீர் இருந்தது. அக்கா முதலுதவிப் பெட்டியிலிருந்து பருத்திப் பஞ்சில் ஒரு கொத்தைக் கிள்ளிப் போட்டார். அது தண்ணீரைக் குடித்து, கனத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் போய் உட்கார்ந்தது. பிறகு ஜாக்கெட்டின் தோளிலிருந்து ஒரு கொத்து எடுத்துப் போட்டார். அது மிதந்தது. விரலால் அழுத்தினார், விட்டதும் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. நான் என் பங்குக்கு கழுவி நாற்காலியில் காயப் போட்டிருந்த டீக்கறைச் சட்டையை அதன்மேல் போட்டு அமுக்கினேன். சட்டையை எடுத்ததும் மறுபடி மேலே வந்தது, உள்ளே நனையக்கூட இல்லை.

"என்னக்கா இது, நம்ம எம்.எல்.ஏ. மாதிரி எத்தனை தடவை அமுக்குனாலும் மேல வருது?"

"இலவம்பஞ்சுப்பா. கொட்டை கூட எடுக்கல, பாரு." மிளகு போல ஒரு கறுப்பு விதையை எடுத்துக் காட்டினார். "கடையில வாங்குனது இல்ல, மரத்துல பறிச்சது. இது தண்ணி குடிக்காது. அந்தக் காலத்துக் கப்பல்ல லைஃப் ஜாக்கெட்டே இதுலதான் செய்வாங்க."

"அப்ப கொலைகாரனுக்கு விவரம் பத்தல. முங்குறதை வைக்கிறதுக்குப் பதிலா மெதக்கிறதை வச்சுட்டான்."

"அப்படியா நினைக்கிற? இந்தத் தோள்பட்டையைப் பாரு. கச்சாத் தையல். டெய்லர் சட்டையை அளவு பார்க்கிறதுக்கு முன்னாடி ஒட்டுப் போடுவாரே, அந்தத் தையல். இழுத்தா வந்துரும். ஆனா மத்த எல்லாத் தையலும் ரெட்டைத் தையல். ஒரு யானையே இழுத்தாலும் பிரியாது. தோளுல மட்டும் கொஞ்சம் பஞ்சு வெளிய வரணும், மிச்சம் அம்புட்டும் உள்ள இருக்கணும். அப்படித்தானே தைச்சிருக்கு?"

நான் தலையைச் சொறிந்தேன்.

"அதை விடு. ரேடியோ பாக்கெட்டைப் பாரு. மூணு ஓட்டு ஓட்டி, மூலைக்கு மூலை முடிச்சுப் போட்டிருக்கு. துடுப்புப் போடத் தெரிஞ்ச சிவபிரகாஷ் கொல்ல நினைச்சிருந்தா, மொதல்ல அந்த ரேடியோவுலதான் கை வச்சிருப்பான். இது என்னடான்னா, ரேடியோ தொலைஞ்சுறக் கூடாதுன்னு பாத்துப் பாத்துத் தைச்சிருக்கு."

"அப்ப இவ்வளவு அக்கறையான கொலைகாரங்களை நான் பாத்ததே இல்லக்கா."

"நானும் பாத்ததில்ல. வண்டியை எடு, யூனிட்டுக்குப் போவோம்."

"வராதீங்கன்னு சொன்னாரே?"

"அதனாலதான்."

நத்தம் ரோட்டில் வலது கைப்பக்கம் சிறுமலை கூடவே வந்தது. சாணார்பட்டி தாண்டிச் செண்டுமல்லித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண்பாதை பிரிந்தது. அதன் முடிவில் தகரக் கொட்டகை. பக்கத்தில் பெரிய இறவைக் கிணறு, மழைக்கு முக்கால்வாசி நிரம்பிக் கிடந்தது. கிணற்று மேட்டில் முள்ளு முள்ளாக அடிமரம் கொண்ட ஓர் இலவ மரம் நின்றது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகை வாசலில் மினி லாரியில் ஆரஞ்சுக் கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. ஏற்றி முடிப்பதற்குப் பெரியவர் ஒருவர் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். மூக்கையா என்று பெயர் சொன்னார். பழனிக்குப் பக்கத்தில், பாலசமுத்திரம் பக்கம் ஒரு குளத்தில் படகுச் சவாரி காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறாராம்.

"ஏனுங்க, ஐயப்ப சீசனுங்க. பழனிக்கு வர்ற கூட்டம் குழந்தை குட்டியோட வந்துருமுங்க. நாளைக்குள்ள கொண்டுபோய்ச் சேர்க்கோணும்" என்றார்.

உள்ளே ஏழெட்டுத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா என் பையிலிருந்த ஜாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். எல்லா மெஷினும் ஓடியது, ஒன்றைத் தவிர. கடைசி மெஷினில் இருந்த பெண் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, ஜாக்கெட்டையே பார்த்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். நெற்றியில் பொட்டு இல்லை. பயப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டாள், நெடுநேரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவள் பஸ்ஸைப் பார்த்ததுபோல.

"கொண்டு வந்துட்டாரா?" என்றாள். "கோவத்துல கடல்லயே எறிஞ்சிருப்பாரோன்னு பயந்துட்டேன்."

கிணற்று மேட்டில் வைத்துப் பேசினோம். அவள் பெயர் ஜீவிதா. கேட்காமலே சொன்னாள்.

"நான்தான் மேடம் தைச்சேன். பாக்கெட் தைக்கக் குடுத்தாரு, முழுசாப் பிரிச்சுட்டேன். ஃபோமை எடுத்துட்டு, தொட்டா தெரியக் கூடாதுன்னு மேலாப்ல மெல்லிசா ஒரு அடுக்கு ஃபோம் மட்டும் விட்டு, உள்ள இந்த மரத்துப் பஞ்சை வச்சு அடைச்சேன்."

"இது மெதக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்று அக்கா கேட்டார்.

"தெரியாமயா? கோடையில காய் வெடிச்சுக் கிணறு பூரா பஞ்சாக் கெடக்கும். மோட்டார்ல அடைச்சிரும்னு நாங்கதான் அரிச்சு எடுப்போம். என்னைக்கு அது முங்கியிருக்கு? அவரை முக்கணும்னா எனக்கு வேற சாமான் இருந்துச்சு மேடம். இங்கயே இருக்கு."

அவள் கையிலிருந்த கத்தரியால், புதிதாகத் தைத்து வைத்திருந்த ஒரு ஜாக்கெட்டை வகுந்தாள். உள்ளே மெத்தைக்குப் போடும் மஞ்சள் ஸ்பாஞ்ச் இருந்தது. பாத்திரம் தேய்ப்போமே, அதன் அண்ணன். அதைத் தூக்கிக் கிணற்றில் போட்டாள். கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு ஊறியது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்து, சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனது.

நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன், குமிழி மட்டும் வந்தது.

"எங்களுக்கு ஆரம்பத்துல தெரியாது" என்றாள் ஜீவிதா. "இதான் லைஃப் ஜாக்கெட்டுக்கு உள்ளது, தைங்கன்னு குடுத்தாரு. தைச்சோம். எங்க வீட்டுக்காரரு கொடைக்கானல் மலையில ஒரு ரிசார்ட்ல படகு ஓட்டுனாரு. அங்க போன ஜாக்கெட்டெல்லாம் நம்ம யூனிட்டுது. போன தை மாசம், ஒரு டூரிஸ்ட் பிள்ளை ஏரியில விழுந்துருச்சு. எங்க வீட்டுக்காரரு குதிச்சாரு. பிள்ளையத் தூக்கிப் படகுல போட்டுட்டாரு. அவரு மேல வரல."

"நீச்சல்?"

"இந்தக் கிணத்துலதான் மேடம் கத்துக்கிட்டாரு. மீன் மாதிரி. ஆனா மலைத் தண்ணி, மார்கழி தையில சில்லுன்னு கத்தி மாதிரி இருக்கும். மூச்சு இழுத்திருக்கும். அந்நேரம் தூக்கிப் பிடிக்க வேண்டிய ஜாக்கெட்டு, ஊறிப்போயி கீழ இழுத்திருக்கு." அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "நான் தைச்ச ஜாக்கெட்டு மேடம். என் கையால தைச்சது."

எனக்குத் திண்டுக்கல் ஆபீஸில் கேட்ட பாடம் ஞாபகம் வந்தது. குளிர்ந்த தண்ணீரில் முதல் நிமிஷம் என்ன நடக்கும் என்று அந்த மனிதருக்கு விரல் நுனியில் தெரியும். தெரிந்துதான் ஸ்பாஞ்சை வைத்திருக்கிறார். தெரியாதவன் செய்தால் அதைத் தப்பு என்று விட்டுவிடலாம். இதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

"கேஸ் நடக்கலையா?" என்று கேட்டேன்.

"குடிச்சிருந்தாருன்னு எழுதிட்டாங்க. அவரு காப்பி கூடக் குடிக்க மாட்டாரு. இதான் போட்டிருந்த ஜாக்கெட்டுன்னு விசாரணையில ஒண்ணைக் காட்டுனாங்க. நல்ல ஃபோம் வச்சது. அது நான் தைச்சது இல்ல. என் கைத்தையல் எனக்குத் தெரியாதா? மொதலாளி மாத்தி வச்சுட்டாரு. தையக்காரி பேச்சை யாரு கேப்பா? அதான் இங்கயே வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் தானா என் கையில அவரு ஜாக்கெட்டைக் குடுத்தாரு."

"கொன்னிருக்கலாம்" என்றார் அக்கா மெதுவாக.

"கொன்னா ஒரே நிமிஷத்துல முடிஞ்சு போகும். போஸ்டர்ல மாவீரன்னு போட்டுருவாங்க." அவள் குரல் உயரவே இல்லை. "அந்தத் தண்ணிக்குள்ள, நம்ம மேல போட்டிருக்கிறதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம ஒரு ஆளு எப்படிப் பதறுவான்னு அவரு தெரிஞ்சுக்கணும். உசுரோட தெரிஞ்சுக்கணும். திரும்பி வந்து, பழி வாங்கணும்னு துடிச்சு, ஆளை வச்சுத் தேடணும். தேடுறவங்க ஜாக்கெட்டைப் பிரிப்பாங்க. ஒரு ஜாக்கெட்டைப் பிரிச்சவங்க இன்னொண்ணையும் பிரிப்பாங்க."

"ஒருவேளை செத்திருந்தா?"

"ஜெயிலுக்குப் போயிருப்பேன். அழுதிருக்க மாட்டேன்."

அக்கா போனை எடுத்துத் தள்ளிப் போய்ப் பேசினார். யாரிடம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "லாரி கெளம்புறதுக்குள்ள வாங்க சார்" என்று முடித்தார்.

போலீஸுக்கு முன்னால் வந்தது ஆண்டனிராஜின் கார்தான். பாராட்டு விழாவிலிருந்து நேராக வந்திருக்கிறார், தோளில் பொன்னாடை அப்படியே இருந்தது. எங்களைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"இங்க என்ன மேடம் பண்றீங்க? சிவபிரகாஷ்?"

"சிவபிரகாஷ் இல்ல சார். ஆள் யாருன்னு தெரிஞ்சு போச்சு."

"யாரு?" முஷ்டி தானாக இறுகியது. "சொல்லுங்க. எங்க இருக்கான்?"

"சொல்றேன். மொதல்ல இதைப் பாருங்க." அக்கா அவருடைய நார்வே ஜாக்கெட்டைக் கிணற்றில் வீசினார். அது ஒருமுறை முங்கி எழுந்து, நடுக்கிணற்றில் ஆரஞ்சுத் தட்டு மாதிரி ஆடிக்கொண்டு நின்றது. "உங்களைத் தாங்குனது ட்ரை சூட் மட்டும் இல்ல. இந்தப் பஞ்சும்தான். உங்களைக் கொல்லணும்னு யாரும் நெனைக்கல. இப்ப எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருக்கு, அதைத் தீர்த்துட்டீங்கன்னா பேரைச் சொல்லிர்றேன்."

லாரியிலிருந்த கட்டு ஒன்றிலிருந்து கைக்குக் கிடைத்த ஜாக்கெட்டை உருவி அவரிடம் நீட்டினார்.

"இதைப் போட்டுக்கிட்டு ஒரு தடவை கிணத்துல எறங்குங்க."

மெஷின் சத்தம் நின்றுவிட்டது. தையல் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு மூன்று போன்கள் உயர்ந்தன. நானும் என்னுடையதை உயர்த்தினேன்.

"விளையாடுறீங்களா?"

"நீங்க கடல் வேங்கை. இது கிணறு. தண்ணி கூட வெதுவெதுன்னு இருக்கு. ஜாக்கெட்டு உங்க தயாரிப்பு."

"நல்ல சட்டை மேடம், நனைஞ்சிரும்."

"என் சட்டையை உங்க டீயில நனைச்சப்ப நான் ஒண்ணும் சொல்லலையே சார்?" என்றேன்.

மூக்கையா சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். "ஏனுங்க தம்பி, ஒருக்கா எறங்கித்தான் காட்டுங்களேன். எனக்கும் பார்த்த மாதிரி இருக்குமுங்க. குழந்தைகளுக்குப் போடுற சாமானுங்க."

ஆண்டனிராஜ் ஜாக்கெட்டை வாங்கினார். ஒரு கையை நுழைத்தார். இன்னொரு கையை நுழைத்தார். பக்கிளைக் கையில் பிடித்தார். அது சேரவில்லை. நார்வேயில் மரத்துப் போன விரல்கள் இங்கே சாணார்பட்டி வெயிலில் மரத்துப் போயிருந்தன. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டு, மார்பைத் தட்டிக்கொண்டார்.

"நான் யாருன்னு நெனைச்சீங்க? எனக்கு எதுக்கு ஜாக்கெட்டு? இது இல்லாம சும்மாவே குதிக்கிறேன், பாக்குறீங்களா?"

மூக்கையாவின் சிரிப்பு மெல்ல மெல்ல அவிந்தது.

"ஏனுங்க," என்றார் அவர், "அது இல்லாம குதிக்கிறதுக்குப் பயமில்லீங்க. அதைப் போட்டுக்கிட்டுக் குதிக்கிறதுக்குத்தான் பயமுங்களா?"

தான் என்ன சொன்னோம் என்பது ஆண்டனிராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. மூக்கையா குனிந்து ஜாக்கெட்டை எடுத்தார். ஜீவிதாவின் கத்தரியை வாங்கி நடுவில் வகுந்தார். மஞ்சள் ஸ்பாஞ்சைக் கையில் பிழிந்து பார்த்தார். பிறகு ஆண்டனிராஜின் கன்னத்தில் ஒன்று விட்டார். பொன்னாடை நழுவிச் சேற்றில் விழுந்தது. எனக்கு மனசு நிறைந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூக்கையா லாரியில் ஏறி, கட்டுகளை ஒவ்வொன்றாக உதைத்துக் கீழே தள்ளத் தொடங்கினார்.

"நீங்க என் காசுல வேலை பாக்க வந்தவங்க!" ஆண்டனிராஜ் அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

"ஆமா சார். உங்களைக் கொல்லப் பார்த்தது யாருன்னு கேட்டீங்க, யாரும் இல்ல. ஆனா கொலை ஒண்ணு நடந்திருக்கு. அதுக்கு ஆளைப் பிடிச்சுட்டேன்."

"பஞ்சு வச்சது யாரு? அதைச் சொல்லு!"

"நான்தான்" என்று ஜீவிதா முன்னால் வந்தாள்.

அவர் அவளை நோக்கிப் பாய்ந்தார். நான் குறுக்கே போனேன். என் உடம்பு ஒன்றும் பெரிய தடுப்புச் சுவர் இல்லை. ஆனால் எனக்குப் பின்னால் ஏழு தையல்காரிகள் வந்து நின்றார்கள், ஏழு பேர் கையிலும் கத்தரி இருந்தது. கடல் வேங்கை நின்றுவிட்டார். மண்பாதைத் திருப்பத்தில் ஜீப் ஹாரன் கேட்டது.

"உனக்கு நான் என்னடி பண்ணேன்?" என்றார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். மூன்று வருஷமாகத் தன் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார்.

"எங்க வீட்டுக்காரரைக் கொன்னீங்க. மலை ரிசார்ட்ல."

"அந்த... அந்த போட்டுக்காரனா?"

"பேரு சொல்லுங்க மொதலாளி."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி. ஜீப் கிணற்று மேட்டுக்குக் கீழே வந்து நின்றது, கதவுகள் திறந்தன. அவருக்கு வரவில்லை. ஜாக்கெட்டை மாற்றி வைக்கத் தெரிந்த மனிதருக்கு, அதைப் போட்டுச் செத்தவன் பெயர் தெரியவில்லை.

"பழனிக்குமார்" என்றாள் ஜீவிதா. "கோர்ட்டுல கேப்பாங்க. மனப்பாடம் பண்ணிக்கங்க."